பி.எஃப். பிடித்தால் அரசு உதவி கிடைக்காதா? தகுதி எப்படி முடிவாகிறது

பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் ரேஷன் கடை வரிசையில் கொஞ்ச நேரம் நின்றால் இந்தப் பேச்சு காதில் விழும்: “கம்பெனியில பி.எஃப். பிடிக்கிறாங்களா? அப்ப உனக்கு ஒண்ணும் கிடைக்காது.” பி.எஃப். என்றால் சம்பளத்தில் பிடித்துச் சேமிக்கும் வருங்கால வைப்பு நிதி. ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்களிடம்தான் இதை அதிகம் சொல்கிறார்கள். கூடவே இன்னும் சிலவும் வரும். பைக் இருந்தால் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் மகளிர் உரிமைத் தொகை இல்லையாம். பி.பி.எல். (வறுமைக் கோட்டுக்குக் கீழே) கார்டு இருந்தால்தான் மருத்துவக் காப்பீடாம். கூரை வீட்டைக் கான்கிரீட் வீடாக்கினால் பேரை நீக்கிவிடுவார்களாம்.

இந்தப் பேச்சால் வரும் நஷ்டம் பெரியது. தகுதி உள்ளவர்கள் விண்ணப்பம்கூட வாங்காமல் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். இன்னும் மோசம், “எனக்குப் பிடித்தம் வேண்டாம், கையில் ரொக்கமாகக் கொடுத்துவிடுங்கள்” என்று மேஸ்திரியிடம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். மாதம் ஆயிரம் ரூபாயைக் காப்பாற்ற நினைத்து, அதைவிடப் பல மடங்கு பெரிய ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அது ஏன் என்று புரிய வேண்டுமானால், அரசு ஒரு குடும்பத்தை எப்படி அளக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரே பட்டியல் கிடையாது

‘ஏழைகள்’ என்று ஒரு பட்டியல் தாலுகா அலுவலகத்தில் இருக்கிறது, அதில் பெயர் இருந்தால் எல்லாம் கிடைக்கும், இல்லாவிட்டால் எதுவும் கிடைக்காது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒவ்வொரு திட்டமும் தனக்கென்று ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறது. அந்தக் கோட்டுக்குப் பெயர் வருமான வரம்பு. அதாவது, ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானம் இவ்வளவுக்குள் இருந்தால்தான் இந்த உதவி என்று அந்தத் திட்டம் வைத்திருக்கும் அளவு.

தமிழ்நாட்டில் நடப்பில் உள்ள சில கோடுகளைப் பாருங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுக்கு ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். 2022க்கு முன்பு அது 72,000 ஆக இருந்தது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் நலிவடைந்த பிரிவுக்கு 2,00,000. கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு 2,50,000. பட்டியல் சாதி மாணவர்களின் போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்பு) உதவித்தொகைக்கும் 2,50,000. ஆண்டுக் கணக்கில் கேட்டால் பெரிய தொகை போலத் தெரியும். மாதக் கணக்காக மாற்றினால் 1,20,000 என்பது மாதம் பத்தாயிரம்தான். 2,50,000 என்பது மாதம் 20,833.

வருமானமே கேட்காத திட்டங்களும் உண்டு. 2021இல் வந்த பெண்களுக்கான இலவச நகரப் பேருந்துப் பயணத்தில் கண்டக்டர் யாரிடமும் சம்பளச் சீட்டு கேட்பதில்லை. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துக் கல்லூரிக்குப் போகும் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் (2022) அப்படித்தான். எங்கே படித்தாள் என்பதுதான் அங்கே தகுதி. அப்பா அம்மா எவ்வளவு சம்பாதிக்கிறார்கள் என்பது கணக்கிலேயே வராது.

ரேஷன் கார்டில் உள்ள எழுத்துகள்

பி.பி.எல். குழப்பத்துக்கு மூல காரணம் ரேஷன் கார்டுதான். ஸ்மார்ட் கார்டில் பி.எச்.எச்., என்.பி.எச்.எச். என்று எழுத்துகள் அச்சாகியிருக்கும். முதலாவது முன்னுரிமைக் குடும்பம், இரண்டாவது முன்னுரிமை இல்லாத குடும்பம். தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013இல் வந்தது; தமிழ்நாட்டில் 2016 நவம்பர் முதல் நடைமுறையானது. அதையொட்டி வந்த பிரிவு இது.

பல மாநிலங்களில் முன்னுரிமை இல்லாத குடும்பத்துக்கு மலிவு அரிசி கிடைக்காது. நம்மூரில் பொது விநியோகம் எல்லோருக்குமானது. கார்டில் என்.பி.எச்.எச். என்று இருந்தாலும் அரிசி உண்டு. மிக வறிய குடும்பங்களுக்கான அந்தியோதயா கார்டுக்கு மட்டும் மாதம் 35 கிலோ. தாங்களாகவே கேட்டு வாங்கிய சர்க்கரை கார்டுக்கும் எந்தப் பொருளும் இல்லாத கார்டுக்கும் அரிசி இல்லை.

ஆகவே உங்கள் கார்டில் முன்னுரிமை இல்லை என்று எழுதியிருந்தால், மற்ற திட்டங்களின் கதவும் மூடிவிட்டது என்று அர்த்தமில்லை. மருத்துவக் காப்பீடு ரேஷன் கார்டின் எழுத்தைப் பார்ப்பதில்லை; வருமானச் சான்றிதழைப் பார்க்கிறது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்கு ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றிதழ் மூன்றையும் எடுத்துப் போனால் பதிவு செய்துகொள்ளலாம். வேலூர்க்காரர்களுக்கு அது சத்துவாச்சாரியில். ஆற்காடு, வாலாஜா ஆட்கள் இராணிப்பேட்டைக்கும், ஆம்பூர், வாணியம்பாடி ஆட்கள் திருப்பத்தூருக்கும் போக வேண்டும். பழைய வட ஆற்காட்டில் மிஞ்சியிருந்த வேலூர் மாவட்டம் 2019 நவம்பரில் மூன்றாகப் பிரிந்துவிட்டது. ஆதாரில் இன்னும் ‘வேலூர் மாவட்டம்’ என்றே இருப்பதால் தவறான ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய் ஒரு நாள் கூலியை விடுபவர்களைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: எல்லாத் திட்டத்துக்கும் பொதுவான கோடு கிடையாது. ஒன்றில் இல்லை என்றால் இன்னொன்றிலும் இல்லை என்று ஆகாது.

யாருடைய வருமானம்?

வருமானம் என்றால் யாருடையது என்ற கேள்விக்கும் திட்டத்துக்குத் திட்டம் பதில் மாறும். உரிமைத் தொகைக்கு அளவு குடும்பம். குடும்பம் என்றால் ஒரு ரேஷன் கார்டில் உள்ளவர்கள். கணவன் கூலி, மனைவி சம்பளம், அதே கார்டில் பெயர் உள்ள கல்யாணம் ஆகாத மகனின் சம்பளம் எல்லாம் சேரும். ஆனால் இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்கு அளவு தனி ஆள். அந்தத் தொழிலாளியின் மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருக்கிறதா என்பது மட்டும்தான் கேள்வி. வீட்டில் மற்றவர்கள் எவ்வளவு சம்பாதித்தாலும் அது கணக்கில் வராது.

நல வாரியங்களுக்கு அளவு தொழில். கட்டட வேலை செய்பவர் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்துகொள்ளலாம். பீடி சுற்றுபவருக்குத் தனி அடையாள அட்டை உண்டு. பிள்ளைகளின் படிப்புக்கு உதவி, 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியம் என்று கட்டுமான வாரியத்திலிருந்து வரும் பலன்கள் நீங்கள் செய்யும் வேலையால் வருபவை. குடியாத்தத்தில் வீட்டிலேயே உட்கார்ந்து இலை வெட்டி, தூள் வைத்து, நூல் சுற்றி, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் பெண்கள் பலர் தங்களைத் தொழிலாளி என்றே நினைப்பதில்லை. “சும்மா வீட்ல இருக்கேன்” என்பார்கள். சட்டத்தின் கண்ணில் அவர்கள் தொழிலாளிகள். அவர்களுக்காகவே 1976இல் நல நிதிச் சட்டம் ஒன்று வந்தது.

ஒரு குடும்பத்தின் கணக்கு

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு ஊர். மனைவி கம்பெனி பஸ் ஏறி ஆம்பூரில் ஷூ அப்பர் (ஷூவின் மேல்பகுதி) தைக்கப் போகிறார். பிடித்தத்துக்கு முன் சம்பளம் 12,000. கணவர் கொத்தனார். மழை நாள், வேலை இல்லாத நாள் எல்லாம் கழித்து மாதம் சராசரியாக 8,000. இரண்டு பிள்ளைகள். மொத்தம் மாதம் 20,000, ஆண்டுக்கு 2,40,000.

மருத்துவக் காப்பீட்டின் கோடு 1,20,000. இந்தக் குடும்பம் அதன் இரண்டு மடங்கில் நிற்கிறது; இங்கே கிடைக்காது. ஆனால் மனைவியின் சம்பளம் 21,000க்குள் இருப்பதால் இ.எஸ்.ஐ. உண்டு. அந்த அட்டையில் கணவனும் பிள்ளைகளும் சேர்ந்து மருத்துவம் பார்த்துக்கொள்ளலாம். உரிமைத் தொகையின் கோடு 2,50,000. வருமானம் அதற்குள் இருக்கிறது. கணவர் கட்டுமான வாரியத்தில் பதியலாம், அங்கே இந்த வருமானக் கணக்குக்கு வேலை இல்லை.

சின்னப் பிள்ளையைத் தனியார் பள்ளியில், கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் ஒதுக்கும் 25 சதவீத இடத்தில் சேர்க்க வேண்டும் என்றால்? நலிவடைந்த பிரிவின் கோடு 2,00,000. குடும்பம் அதைத் தாண்டிவிட்டது. பலர் இந்த இடத்தோடு விட்டுவிடுகிறார்கள். அதே சட்டத்தில் ‘வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவு’ என்று இன்னொரு வாசல் இருக்கிறது. பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் சாதி, பழங்குடிக் குழந்தைகள் அதன் வழியாக வரலாம். அங்கே கேட்பது சாதிச் சான்றிதழ். வருமான வரம்பு இல்லை. நம் பக்கத்து உழைக்கும் குடும்பங்களில் பெரும்பாலானவை இந்த வாசலில் நுழையக்கூடியவை. வருமானச் சான்றிதழில் தொகையைக் குறைக்கச் சொல்லி அலைய வேண்டிய தேவையே இல்லை.

கோட்டைத் தாண்டினால் என்ன ஆகும்?

வேலைக்குப் போகும் குடும்பங்களுக்கு நிஜமான சிக்கல் இங்கேதான். கரண்ட் பில்லை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் ஓட்டிவிட்டால் ஒரு கணக்கு. 501 ஆனால், கூடுதலான அந்த ஒரு யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. கீழே 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் சேர்த்து ஏறிவிடும். ஒரே ஒரு யூனிட்டால் பில் குதிக்கும். வருமான வரம்பும் அப்படித்தான் வேலை செய்கிறது. கோட்டை நெருங்க நெருங்க உதவி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதில்லை. கோட்டுக்கு இந்தப் பக்கம் முழுத் தொகை, அந்தப் பக்கம் பூஜ்யம். இதை வெட்டுக்கோடு என்று வைத்துக்கொள்வோம்.

நம் குடும்பத்துக்கே வருவோம். மனைவிக்கு மாதம் 1,000 ரூபாய் சம்பளம் ஏறுகிறது. குடும்ப வருமானம் மாதம் 21,000, ஆண்டுக்கு 2,52,000. கோட்டை 2,000 ரூபாயில் தாண்டியாகிவிட்டது. ஏறிய ஆயிரத்தில் பி.எஃப். 12 சதவீதம் 120 ரூபாய், இ.எஸ்.ஐ. முக்கால் சதவீதம் ஏழரை ரூபாய் போகக் கைக்கு வருவது 872 ரூபாய் 50 காசு. விதிப்படி நின்றுபோவது 1,000 ரூபாய் உரிமைத் தொகை. சம்பளம் ஏறிய மாதத்தில் வீட்டுச் செலவுக்குப் பணம் குறைகிறது!

உழைத்து முன்னேறுகிற குடும்பத்தை இப்படித் தண்டிப்பது நியாயமில்லை என்பதே என் கருத்து. உதவியைப் படிப்படியாகக் குறைப்பது முடியாத காரியம் அல்ல. இ.எஸ்.ஐ.யிலேயே ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு சந்தா காலம், அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. நடுவில் சம்பளம் 21,000ஐத் தாண்டினாலும் அந்தக் காலம் முடியும்வரை நீங்கள் உறுப்பினர்தான். ஓவர்டைம் பணத்தை அந்த 21,000 கணக்கில் சேர்ப்பதும் இல்லை. இதுபோன்ற ஒரு சலுகைக் காலத்தை மற்ற திட்டங்களிலும் வைக்கலாம்.

அதற்காகச் சம்பள உயர்வை வேண்டாம் என்று சொல்லலாமா? கூடாது. அந்த 120 ரூபாய் எங்கேயும் போகவில்லை, உங்கள் பி.எஃப். கணக்கில் இருக்கிறது, கம்பெனியும் தன் பங்கைப் போடுகிறது. போனஸ், பணிக்கொடை எல்லாம் சம்பளத்தை வைத்துத்தான் கணக்கிடப்படுகின்றன. அடுத்த உயர்வு வந்தால் அந்த இடைவெளி அடைபட்டுவிடும்.

பிடித்தம் நஷ்டம் அல்ல

பி.எஃப். பிடிப்பது உரிமைத் தொகைக்குத் தடை என்று எந்த விதியும் சொல்லவில்லை. 2023 செப்டம்பர் 15 அன்று அந்தத் திட்டம் தொடங்கியபோது வைத்த விலக்கு நிபந்தனைகளைப் பார்த்தால் தெரியும். விலக்கு நிபந்தனை என்றால், வருமானம் குறைவாக இருந்தாலும் ‘இவருக்கு இல்லை’ என்று தள்ளும் விதி. அரசு ஊழியர், வருமான வரி கட்டுபவர், சொந்தமாகக் கார், ஜீப், டிராக்டர் வைத்திருப்பவர், ஐந்து ஏக்கருக்கு மேல் நன்செய் அல்லது பத்து ஏக்கருக்கு மேல் புன்செய் உள்ளவர், ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவாகும் வீடு போன்றவை அதில் இருந்தன. இரு சக்கர வாகனம் அதில் இல்லை. கான்கிரீட் வீடும் இல்லை. தனியார் கம்பெனித் தொழிலாளி என்பதும் இல்லை. பிறகு சில நிபந்தனைகள் தளர்த்தப்பட்டன. ஆகவே விண்ணப்பிக்கும் நாளில் எது நடப்பில் இருக்கிறது என்று இ-சேவை மையத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, பிடித்தம் வேண்டாம் என்று ரொக்கமாக வாங்கும் பெண் எதை இழக்கிறார்? மகப்பேறு காலத்தில், முதல் இரண்டு குழந்தைகளுக்கு, 26 வாரம் முழுச் சம்பளத்தை இ.எஸ்.ஐ. தருகிறது. மாதம் 12,000 சம்பளக்காரருக்கு அது ஏறக்குறைய 72,000 ரூபாய். உரிமைத் தொகையில் ஆறு ஆண்டுப் பணம். காய்ச்சலோ அறுவை சிகிச்சையோ என்று விடுப்பு எடுத்தால், ஆண்டுக்கு 91 நாள் வரை சராசரிக் கூலியில் 70 சதவீதம் கிடைக்கும். 12,000 சம்பளத்தில் இதற்காகப் பிடிப்பது மாதம் 90 ரூபாய். கம்பெனி தன் பங்காக மூன்றேகால் சதவீதம், அதாவது 390 ரூபாய், போடுகிறது. தொண்ணூறு ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய் இதையெல்லாம் விடுவது பெரிய இழப்பு. பிடித்தம் வேண்டாம் என்று சொல்லத் தொழிலாளிக்கும், பிடிக்காமல் விடக் கம்பெனிக்கும் சட்டம் இடம் தரவில்லை.

வருமானச் சான்றிதழில் எதை எழுதுவது?

வருமானச் சான்றிதழ் என்பது உங்கள் குடும்பம் ஆண்டுக்கு இவ்வளவு சம்பாதிக்கிறது என்று வருவாய்த் துறை எழுதித் தரும் காகிதம். இ-சேவை மையத்தில் பதிந்தால் கிராம நிர்வாக அலுவலர் விசாரிப்பார். வருவாய் ஆய்வாளரைத் தாண்டித் தாசில்தார் அலுவலகத்தில் ஒப்புதல் ஆகும்.

கம்பெனிச் சம்பளம் வாங்குபவர் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கேட்டால் எல்லோரும் கையில் வரும் பணத்தைத்தான் சொல்கிறோம். சம்பளச் சீட்டில் மேலே 12,000 என்று இருக்கும், கீழே பிடித்தம் போக 10,470 என்று இருக்கும். சான்றிதழுக்குக் கணக்கு மேலே உள்ளது. கூலி வேலைக்குச் சீட்டு கிடையாது. அப்போது, வேலை கிடைத்த மாதம், கிடைக்காத மாதம் இரண்டையும் சேர்த்து ஆண்டுக்கு எவ்வளவு என்று நிதானமாகச் சொல்லுங்கள். சித்திரை மாதக் கூலியைப் பன்னிரண்டால் பெருக்கிச் சொன்னால் மழைக்காலத்தில் வேலையே இல்லாமல் இருந்தது மறைந்துவிடும்.

“சும்மா 72,000ன்னு போட்டுக் கொடுங்க” என்று கேட்கும் பழக்கம் இருக்கிறது. பழைய கோட்டை மனதில் வைத்துக் கேட்கிறார்கள். சம்பளம் வங்கிக் கணக்கில் விழுகிறது, பி.எஃப். கணக்கு ஆதாரோடு இணைந்திருக்கிறது. இரண்டு இடத்தில் இரண்டு தொகை இருந்தால் பிறகு பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான். மேலே பார்த்த மாதிரி, உண்மைத் தொகையிலேயே பல வாசல்கள் திறந்திருக்கின்றன.

‘தகுதி இல்லை’ என்று வந்தால்

வாய்மொழியாக “உங்களுக்கு வராதும்மா” என்று யாராவது சொன்னால் அது முடிவு அல்ல. விண்ணப்பம் பதிவாகி, எண் வாங்கி, காரணத்தோடு நிராகரித்தால்தான் அது முடிவு. உரிமைத் தொகை முதலில் வந்தபோது, நிராகரிக்கப்பட்டவர்கள் 30 நாளுக்குள் இ-சேவை மையம் வழியாக வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்ய வழி வைத்திருந்தார்கள். மேல்முறையீடு என்றால், எடுத்த முடிவை மேலே உள்ள அதிகாரி மறுபடி பார்க்கும்படி கேட்பது. வேலூர் மாவட்டத்தில் கோட்டாட்சியர் அலுவலகம் வேலூரிலும் குடியாத்தத்திலும் இருக்கிறது.

காரணத்தைக் கேட்டு வாங்குவதுதான் முக்கியம். ‘நான்கு சக்கர வாகனம்’ என்று வந்தால், எப்போதோ விற்ற வண்டி இன்னும் உங்கள் பெயரிலேயே இருக்கலாம், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாற்றினால் சரியாகிவிடும். ‘மின்சாரம்’ என்று வந்தால், ஒரே இணைப்பில் மேல்மாடிக் குடித்தனமும் ஓடுகிறதா என்று பாருங்கள். 3,600 யூனிட் என்பது இரண்டு மாத பில்லுக்குச் சராசரி 600. ‘வருமானம்’ என்று வந்தால், கல்யாணமாகித் தனியாகப் போன மகனின் பெயர் உங்கள் கார்டிலேயே இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அவர் சம்பளம் இன்னும் உங்கள் குடும்பக் கணக்கில்தான் ஏறிக்கொண்டிருக்கும். பெயரை நீக்கி அவருக்குப் புதுக் கார்டு வாங்கியபின் மறுபடி விண்ணப்பியுங்கள். எங்கேயும் பதில் வரவில்லை என்றால், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுவாக எழுதிக் கொடுத்து, மனு எண் போட்ட ஒப்புகைச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.